விடிந்தால் வியாழன்

மறுபடியும் கடைசிக்கு ஓடிவிட்டது. நான் திருத்தப் போனது நடுவில் இருக்கிற எண்ணை, கர்சர் போய் நின்றது ஆகக் கடைசியில், நான் அடித்த ஐந்து எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டது, சனியன். காலையிலிருந்து இதே கூத்து. இத்தனைக்கும் இது ஒரு பெட்டி, வெறும் பெட்டி, ஆஸ்பத்திரி இணையதளத்தில் சிசேரியனுக்கு முன்பதிவு செய்கிற படிவத்தில் தேதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நேரம் கேட்கிற பெட்டி. அதற்கு நான் ஒரு மாஸ்க் போட வேண்டும், அதாவது உள்ளே இரண்டு கோடு, நடுவில் இரண்டு புள்ளி, அப்புறம் இரண்டு கோடு என்று முன்கூட்டியே போட்டுவைத்து, எண்ணைத் தவிர வேறு எதை அடித்தாலும் உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்த வேண்டும். கேட்கும்போது அரைமணி நேர வேலை மாதிரிதான் இருந்தது. ஜெரால்டும் அப்படித்தான் சொன்னார், நாளையிலிருந்து நீ லீவு, போகும்போது இந்தச் சின்ன வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ தாரணி என்று, டீம் லீடர்கள் எல்லாருக்கும் அடுத்தவர் செய்யப்போகிற வேலை சின்னதாகத்தான் தெரியும். அழிக்கிற பொத்தானை அழுத்தினால் எண் அழியும், அடுத்த முறை அழுத்தினால் அந்த இரண்டு புள்ளியில் வந்து முட்டும், புள்ளியை அழிக்கக் கூடாது என்று நானே சட்டம் போட்டிருக்கிறேன், அதனால் அது கோபித்துக்கொண்டு கடைசிக்கு ஓடுகிறது. வளைகாப்பில் போட்ட வளையல்கள் வேறு, ஒவ்வொரு எண்ணுக்கும் லேப்டாப் விளிம்பில் தட்டிச் சத்தம் போடுகின்றன, எதிர்சீட்டுப் பையன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். கழற்றக் கூடாதாம், பிரசவம் ஆகிற வரைக்கும். கால் வீங்கிக்கிடக்கிறது, பிரின்டர் காகிதம் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் இரண்டையும் வைத்திருக்கிறேன், மத்தியானம் சாப்பிட்ட எலுமிச்சைச் சாதம் தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. இந்தத் தில்லைநகர் இரண்டாவது மாடியில், கீழே பேக்கரியிலிருந்து ஏறி வருகிற வெண்ணெய் வாசனைக்கு நடுவில், பத்து பதினைந்து என்று ஒரு நேரத்தை ஒரு பெட்டிக்குள் ஒழுங்காக உட்காரவைக்க என்னால் முடியவில்லை.

மாஸ்க் எதற்கு என்று கேட்டால் ஜனங்கள் அடித்து வைத்திருக்கிறதைப் பார்க்க வேண்டும். பழைய பெட்டியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் எழுதியிருக்கிறார்கள். காலை பத்துக்கு மேல் பத்தரைக்குள். ராகு காலம் முடிந்தவுடன். எமகண்டம் தவிர்த்து எப்போ வேண்டுமானாலும். பிரம்ம முகூர்த்தம். சிம்ம லக்னம் வருகிற நேரம் டாக்டர் அம்மா பார்த்துச் செய்யவும். ஒருத்தர் ஜாதகக் கட்டத்தையே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்கள் இதையெல்லாம் படித்து, கூப்பிட்டுக் கேட்டு, அட்டவணை போட்டு நொந்துபோய், எங்களுக்கு எண்ணாக வேண்டும், எண் மட்டும்தான் வேண்டும் என்று கடிதம் எழுதிவிட்டார்கள். சிரிப்பாக வந்தது முதலில். அப்புறம் வரவில்லை. ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் என் வீட்டாரும் இருக்கிறார்கள், அதே ஆஸ்பத்திரி, அதே படிவம், நேற்று ஞாயிற்றுக்கிழமை என் புருஷன் நந்தா சோபாவில் சாய்ந்துகொண்டு போனில் நிரப்பினான், அவன் அம்மா, என் அத்தை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல. வியாழக்கிழமை, நாலு அம்பது, காலையிலே. ஜோசியர் மூணு தடவை கணக்கு போட்டுப் பாத்துட்டார் நந்தா, மகம் நட்சத்திரம், நாலு அம்பதுலேந்து அஞ்சு பத்துக்குள்ள எடுத்துட்டா போதும், முந்தின நாள்னா ஆயில்யம், அது வேண்டாம்டாப்பா, பொண்ணாப் பொறந்தா போற எடத்துல மாமியாருக்கு ஆகாதுன்னுவாங்க. எடுத்துட்டா. அடுப்பிலிருந்து கேக்கை எடுக்கிற மாதிரி. வயிற்றில் இருப்பது பெண்ணா பையனா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எங்கேயோ ஓர் ஊரில் இன்னும் கல்யாணமே ஆகியிருக்காத ஒருத்தி, என்றைக்கோ என் மகளுக்கு மாமியாராக வரப்போகிறவள், அவள் நல்லா இருக்க வேண்டும் என்பதற்காக என் வயிற்றைக் கீற வேண்டும். என் அத்தை கெட்டவளா என்றால் அதுவும் இல்லை, அதுதான் கஷ்டம். ஐந்து மாதம் எனக்கு வாந்தி நிற்காதபோது தினமும் நார்த்தங்காய் ஊறுகாயும் கஞ்சியும் கையில் கொண்டுவந்து கொடுத்தவள். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஒன்பதைத் தின்றுவிட்டது. இதோ பார், 9.15 என்று அடித்தால் ஒன்பதைக் காணோம், 15 போய் மணி இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதல் கட்டத்தில் பூஜ்யமோ ஒன்றோதான் வரலாம் என்று நான்தான் சொன்னேன், ஆனால் எந்த மனிதன் ஒன்பது மணியைப் பூஜ்யம் ஒன்பது என்று அடிப்பான்? யாரும் அடிக்க மாட்டார்கள். ஒன்பது என்றால் ஒன்பது. நானும் வாயைத் திறந்து ஒன்று சொல்லியிருந்தால் அதையும் இப்படித்தான் தின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், ஆனால் உண்மை என்னவென்றால் நான் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை டாக்டர் மெஹருன்னிசா அறையில் நாங்கள் மூன்று பேர், நந்தா, அத்தை, நான், அம்மாவும் புதுக்கோட்டையிலிருந்து போனில், ஸ்பீக்கரில். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், தலை இறங்கியிருக்கு, தண்ணி நல்லா இருக்கு, ஆபரேஷனுக்கு ஒரு காரணமும் இல்லை, வலி வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். உடனே அத்தை ஜோசியர் பேச்சை எடுத்தாள். டாக்டர் அலுத்துப்போன முகத்தோடு கேட்டுவிட்டு, நீங்க கேட்டா செய்வேன், நானா சொல்லமாட்டேன் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, உனக்கு ஓகேவாம்மா? என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போனுக்குள்ளிருந்து அம்மா, அவங்க சொல்றபடி கேட்டுக்கோடி, நல்லதுக்குத்தானே என்றாள். நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்? பல்லைக் காட்டினால் அது ஆமாம் என்று பதிவாகிவிடும் என்று தெரியாத வயதா எனக்கு? டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். எனக்குக் காரணமில்லாமல் கத்தி வேண்டாம். வலியை நினைத்தாலும் பயமாகத்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையெல்லாம் கேட்டு இடுப்பு இப்போதே நடுங்குகிறது, ஆனால் அது தானாக வரட்டும், அது வருகிறபோது வரட்டும், அதற்கு வெளியே வர ஒரு நேரம் தெரிந்திருக்குமில்லையா? உள்ளே விக்குகிறது. அடிக்கடி விக்கும், அடிவயிற்றில் சின்னதாக, ஒரே சீராக, தண்ணீர் சொட்டுகிற மாதிரி. இந்த வியாழக்கிழமையே வெளியே எடுத்துவிடுவார்கள் என்று அதற்குத் தெரியாது, அது பாட்டுக்கு விக்கிக்கொண்டிருக்கிறது.

சரி, வேலை. இரண்டிலிருந்து ஒன்பது வரைக்கும் எந்த எண்ணை முதலில் அடித்தாலும் முன்னால் நாமே பூஜ்யம் போட்டுவிடலாம். ஒன்று அடித்தால்தான் வம்பு, அது ஒரு மணியா பன்னிரண்டு மணியின் பாதியா என்று தெரியாது, அடுத்து என்ன வருகிறது என்று காத்திருக்க வேண்டும். நம் ஆட்கள் நேரத்துக்கு நடுவில் ஒற்றைப் புள்ளிதான் வைப்பார்கள், கல்யாணப் பத்திரிகையிலிருந்து பஸ் ஸ்டாண்டு போர்டு வரைக்கும் ஒற்றைப் புள்ளி, அதனால் ஒன்றுக்குப் பின்னால் புள்ளி வந்தால் அது ஒரு மணி. அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரம். ஜெரால்ட் தன் பழைய போனைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார், அதில் ஒன்று அடித்தால் இரண்டு ஒன்று விழுகிறது. "கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே வருது?" என்றேன். "கம்ப்யூட்டர்லயா நிரப்புறாங்க? எல்லாம் போன்லதான்" என்றார். போனின் கீபோர்டு எண்ணைத் தனித்தனியாகச் சொல்லாமல் மொத்தமாக வீசுகிறது, நான் ஒருமுறை எழுதுகிறேன், அது ஒருமுறை எழுதுகிறது. அதையும் சரிசெய்தேன். நான்கு மணி ஆகிவிட்டது, டீ வந்தது, குடிக்கக் கூடாது என்று தெரிந்தே குடித்தேன், நெஞ்செரிச்சல் உடனே ஆஜர். ஜெரால்ட் போகாமல் நின்றார். "இன்னொண்ணு தாரணி. போன மாசம் ஒரு குடும்பம் ஒரு நாள் லேட்டா வந்து நின்னுருக்காங்க. சனிக்கிழமை விடியக்காலம்னு போட்டுட்டு, சனிக்கிழமை ராத்திரி பெட்டியைத் தூக்கிட்டு வந்துருக்காங்க. அவங்களுக்காகத் தியேட்டரைக் கழுவி வச்சது முந்தின நாள். பெரிய சண்டை." எனக்குப் புரிந்தது. பஞ்சாங்கத்துக்கு நாள் பிறப்பது சூரியன் வரும்போது, கடிகாரத்துக்கு நடுராத்திரியில். விடிவதற்கு முன்னால் இருக்கிற அந்த நாலைந்து மணி நேரம் இரண்டு பேருக்கும் நடுவில் அனாதையாகக் கிடக்கிறது. அவர்களுக்கு சனிக்கிழமை இரவு நாலு மணி என்றால் விடிந்தால் ஞாயிறு. படிவத்துக்கு அது ஞாயிறேதான். "பெட்டிக்குக் கீழ ஒரு வரி காட்டுறேன். எந்த ராத்திரி, விடிஞ்சா எந்தக் கிழமைன்னு" என்றேன். "அதைச் செய்யும்மா. ஆறு மணிக்குச் சைட்ல ஏத்திடலாம்" என்று போனைத் தூக்கிக்கொண்டு போனார்.

இது மட்டும் ஒழுங்காக வந்தது. நேரம் விடிவதற்கு முன்னால் என்றால் பெட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில் முழு வாக்கியமாக வரும், முந்தின நாள் இரவு, விடிந்தால் இந்த நாள் என்று. எனக்கே பிடித்திருந்தது, இன்றைக்கு முதல் தடவையாக ஒன்று பிடித்திருந்தது. சோதிக்க எண்கள் தீர்ந்துபோயிருந்தன. பன்னிரண்டு, ஒன்று, மூன்று எல்லாம் போட்டாகிவிட்டது. கை தானாக வியாழக்கிழமைத் தேதியைத் தேர்ந்தெடுத்து 4.50 அடித்தது, ஏ.எம். தொட்டது. நாலுக்கு முன்னால் பூஜ்யம் வந்து உட்கார்ந்தது, ஒற்றைப் புள்ளி இரட்டைப் புள்ளியாக மாறியது, கர்சர் எங்கும் ஓடவில்லை. கீழே வரி வந்தது. புதன்கிழமை இரவு, விடிந்தால் வியாழன். படித்தேன். மறுபடி படித்தேன். புதன்கிழமை இரவு. அத்தை சொன்னது வியாழக்கிழமை. ஜோசியர் சொன்ன வியாழக்கிழமை சூரியன் வந்து பிறக்கிற வியாழக்கிழமை, அதனுடைய நாலு ஐம்பது வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால்தான் வரும். நந்தா படிவத்தில் போட்டது ஒரு முழு நாள் முந்தி. சந்தேகத்துக்கு, நேற்று அவன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து பார்த்தேன், அதே வியாழன் தேதி, அதே நேரம், பதிவு உறுதி என்று பச்சை எழுத்து. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இவ்வளவு கணக்கு போட்டு, இவ்வளவு பேசி, கடைசியில் எதை வேண்டாம் என்றார்களோ அதே ஆயில்யத்துக்கு ஆஸ்பத்திரியில் இடம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் நான் சிரிக்கவில்லை, எழுந்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு அறை வரைக்கும் நடந்து, சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் இரண்டு தாளைத் தூக்கிப் பார்த்தேன். புதன் இரவு முழுக்க ஆயில்யம். வயிறு சில்லிட்டது. சில்லிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன், கடவுளே, எனக்கே சில்லிட்டது. கல்லூரியில் இதையெல்லாம் கிண்டலடித்துக் கத்திப் பேசியவள், கோவிலுக்குப் போனால்கூடப் பிரகாரத்தில் உட்கார்ந்து போன் பார்க்கிறவள், அலுவலகச் சுவரில் தாளைத் தூக்கி நட்சத்திரம் பார்க்கிறேன், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு.

சீட்டுக்கு வந்ததும் கை போனை எடுத்தது. நந்தா, தேதி தப்பு, வெள்ளின்னு மாத்து, இல்லன்னா ஆயில்யம் என்று அடித்தும் விட்டேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் நின்றது. என் கை இப்படித்தான், தப்பைக் கண்டால் திருத்தாமல் அதற்கு நிம்மதி கிடையாது, ஹோட்டல் பில்லில் தப்பாகக் கூட்டியிருந்தால், அது எனக்குச் சாதகமாக இருந்தாலும் சொல்லிவிடும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அனுப்பினால் என்ன ஆகும்? அத்தை என்னைக் கொண்டாடுவாள். நல்லவேளை பாத்தியேம்மா, படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான் என்பாள். நந்தா பெருமையாகச் சிரிப்பான். வியாழனுக்குப் பதில் வெள்ளி ஆகும், ஒரு நாள் தள்ளிப்போகும், கத்தி தள்ளிப்போகாது. என் வயிற்றில் போடப்போகிற கோட்டுக்குத் தேதி சரிபார்த்துக் கொடுத்தவள் நானே ஆவேன். அனுப்பாவிட்டால்? வியாழக்கிழமை விடியற்காலை அவர்கள் எல்லாரும் மகம் மகம் என்று வெளியே நிற்பார்கள், உள்ளே ஆயில்யத்தில் எடுப்பார்கள், எனக்கு மட்டும் தெரியும், நாளைக்கு அதற்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், பள்ளிக்கூடத்தில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாலும், நான் அந்தச் சுவர்க் காலண்டருக்கு முன்னால் போய் நிற்பேன், நம்பாமலே நிற்பேன், இந்தப் பயம் நம்புகிறாயா என்று கேட்டுவிட்டா வருகிறது? சொன்னாலும் கத்தி, சொல்லாவிட்டாலும் கத்தி. அரைமணி நேரம் இந்த இரண்டுக்கும் நடுவில் போய்ப்போய் வந்தேன், அதுவா இதுவா, வியாழனா வெள்ளியா, நல்ல நேரமா கெட்ட நேரமா. எரிச்சல் மண்டைக்கு ஏறியபோதுதான் எனக்கு உறைத்தது, இவர்கள் என் முன்னால் வைத்தது ஒரே ஒரு கேள்வி, எப்போது என்கிற கேள்வி, நானும் கெட்டிக்காரியாக அதற்கே பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை என்று இத்தனை நாள் பொருமினேனே, டாக்டர் கேட்டாரே. கேட்டபோது சிரித்தது நான்தானே. அந்தச் சிரிப்பை யார் வந்து திருத்துவார்கள்? அடித்து வைத்திருந்த செய்தியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். வளையல் குலுங்கியது, எதிர்சீட்டுப் பையன் இந்த முறை நிமிரவில்லை.

மொட்டைமாடிப் படியில் போய் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். முன்பதிவுப் பெண் பேரைக் கேட்டாள், சொன்னேன். கேன்சல் பண்ணணும் என்றேன். "பண்ணிடலாம் மேடம். வேற எந்த டைம் போடட்டும்?" "எதுவும் வேண்டாம். வலி வந்ததும் நேரா வந்துடறேன்." "அப்படிப் போட இதுல இடம் இல்லையே மேடம். டைம் போட்டாத்தான் எடுக்கும்." "தெரியும்மா, அதைச் செஞ்சதே நாங்கதான். நீங்க மொத்தமா எடுத்துடுங்க, டாக்டர்கிட்ட நானே பேசிக்கிறேன்." கீபோர்டு சத்தம் கேட்டது. "எடுத்துட்டேன் மேடம், வேற ஏதாவது?" வேறு ஒன்றுமில்லை. படியிலேயே உட்கார்ந்தேன். செய்துவிட்டேன். இனி வீட்டுக்குப் போக வேண்டும், அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும், அம்மா போனில் அழுவாள், நல்ல நேரத்தில் எடுக்காத பிள்ளைக்கு என்ன நடந்தாலும் இனி என் தலையில்தான் விழும். விழட்டும். கீழே பேக்கரிக்காரர் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், பன் கருகிவிட்டது போலிருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது, நந்தா. எடுத்தவுடனே படபடவென்று ஆரம்பித்தான். "தாரு, புக்கிங் கேன்சல்னு மெசேஜ் வந்துருக்கு. உங்க ஆபீஸ்ல ஏதோ மாத்திட்டிருக்கோம்னியே, அதுல எங்கயோ பக் போல. அம்மா பயந்துட்டாங்க. உடனே பாரு, அந்த டைமை வேற யாராவது எடுத்துடப் போறாங்க." பின்னால் அத்தையின் குரல் கேட்டது, என்னவாம்டா, என்னவாம். அவன் என்னை ஒரு வார்த்தைகூடச் சந்தேகப்படவில்லை. கம்ப்யூட்டர் தப்பு செய்யும், நான் செய்யமாட்டேன் என்று அவ்வளவு நிச்சயம். ஆமாம் நந்தா, பக் தான் என்று சொல்லிவிட்டால் இன்றைக்கு இரவு நிம்மதியாகச் சாப்பிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பக் இல்ல நந்தா. நான்தான் கேன்சல் பண்ணினேன்."

அவனுக்குப் பின்னால் அத்தை என்னவாம் என்னவாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தாரு... அம்மா பக்கத்துலதான் இருக்காங்க" என்றான் மெதுவாக, எச்சரிக்கிற மாதிரி.

"தெரியுது. போனை அவங்ககிட்ட குடு."